சகேயு கணக்குக் கொடுத்தான். சபை எப்போது கொடுக்கும்?

தமிழ்நாட்டில் எந்தத் திருச்சபைக்குள் நுழைந்தாலும் மூன்று சொற்கள் காதில் விழும். விடுதலை, மனந்திரும்புதல், வளர்ச்சி. எழுப்புதல் கூட்டத்துச் சுவரொட்டியில் முதல் சொல் இருக்கும். தவக்காலப் பிரசங்கத்தில் இரண்டாவது. சபையின் ஆண்டறிக்கையில் மூன்றாவது. மூன்றுமே விவிலியத்தின் முதுகெலும்பான சொற்கள்தான். ஆனால் இன்று அவை எந்தப் பொருளில் புழங்குகின்றன என்று பாருங்கள். விடுதலை என்றால் குடியிலிருந்தும் பில்லி சூனியத்திலிருந்தும் விடுதலை. மனந்திரும்புதல் என்றால் கண்ணை மூடிக் கண்ணீர் விடுதல். வளர்ச்சி என்றால் புதுக் கோபுரம், புது மைக் செட், கூடிய காணிக்கை.

சாதி இந்த மூன்றில் எதிலும் வருவதில்லை. "குடியை விட்டேன்" என்று சபைக்கு முன் எழுந்து சாட்சி சொன்னவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். "சாதி பார்த்தேன், விட்டுவிட்டேன், இதோ என் மகள் சேரியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்" என்று எழுந்து சாட்சி சொன்ன ஒருவரையும் நாம் பார்த்ததில்லை.

இதை வாசிக்கும் மாணவத் தோழர்களில் சிலர் ஞாயிறுதோறும் ஆலயம் போகிறவர்கள். சிலர் போவதை நிறுத்தியவர்கள். சிலர் பவுத்தர்கள், சிலர் எந்தச் சமயமும் வேண்டாம் என்றவர்கள். யாராக இருந்தாலும் இந்த விவாதம் நமக்குத் தேவை. கிறித்தவத்துக்குப் போன நம் மக்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கையில் விவிலியத்தை வைத்துக்கொண்டு சாதி பார்ப்பவர்களிடம் அதே விவிலியத்தைத் திறந்து கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

முதலில் விடுதலை, பிறகுதான் சட்டம்

எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த அடிமைகளின் கூக்குரல் கடவுளின் காதுக்கு எட்டுகிறது. அவர் என்ன செய்தார்? "முதலில் நீங்கள் திருந்துங்கள், பிறகு பார்க்கலாம்" என்று அவர்களிடம் சொல்லவில்லை. ஒழுக்கச் சான்றிதழ் கேட்கவில்லை. யாத்திராகமத்தின் 14ஆம் அதிகாரத்தில் அவர்கள் கடலைக் கடந்துவிடுகிறார்கள். பத்துக் கட்டளைகள் 20ஆம் அதிகாரத்தில்தான் வருகின்றன. அந்தக் கட்டளைகளும்கூட, அடிமை வீட்டிலிருந்து உங்களை வெளியே கொண்டுவந்தவர் நான் என்ற அறிமுகத்தோடுதான் தொடங்குகின்றன. விடுதலை முதலில், ஒழுங்கு பிறகு. இந்த வரிசையை மாற்றினால் விவிலியமே தலைகீழாகிவிடும்.

நம் சபைகள் மாற்றிவிட்டன. சேரி ஆலயத்தில் நடக்கும் பிரசங்கத்தைக் கேளுங்கள். குடிக்காதே, கடன் வாங்காதே, பிள்ளையை அடக்கி வை, அழுக்காக வராதே. ஊர்த்தெரு ஆலயத்தில் ஆசீர்வாதம் பிரசங்கிக்கப்படுகிறது. சேரியில் பாவம் பிரசங்கிக்கப்படுகிறது. நாள் முழுக்கப் பிறர் வயலில் உழைத்துவிட்டு வந்தவரிடம் "உன் வறுமைக்கு உன் பாவமே காரணம்" என்று சொல்லப்படுகிறது.

இதை அண்ணல் அம்பேத்கர் எப்போதோ பிடித்துவிட்டார். மதம் மாறிய தீண்டப்படாதோரின் நிலை பற்றிய அவருடைய கட்டுரையில் ஒரு கூர்மையான கவனிப்பு இருக்கிறது. இந்துவாக இருந்தபோது உன் துன்பத்துக்கு முற்பிறவிக் கர்மம் காரணம் என்றார்கள். கிறித்தவரானதும் பிறவிப் பாவம் காரணம் என்றார்கள். இரண்டிலும் குற்றவாளி துன்பப்படுகிறவர்தான். சமூகச் சூழலைக் குற்றம் சாட்ட இரண்டுமே இடம் கொடுப்பதில்லை என்பதே அவர் வாதம். சபைகள் இன்றுவரை அதற்குப் பதில் சொல்லவில்லை.

யாத்திராகமத்தில் பாவி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு பாத்திரம் உண்டு. அது பார்வோன். கல்மழை பெய்தபோது தான் பாவம் செய்துவிட்டதாக ஒப்புக்கொள்கிறான். வெட்டுக்கிளி வந்தபோது மறுபடியும் ஒப்புக்கொள்கிறான். வாதை நீங்கியதும் மனதைக் கடினப்படுத்திக்கொள்கிறான். அடிமைகளை விடவில்லை. வாயால் சொல்லும் பாவ அறிக்கைக்கு என்ன மதிப்பு என்பதை விவிலியம் தன் இரண்டாம் புத்தகத்திலேயே காட்டிவிட்டது.

விடுதலைப் பகுதிகளுக்கு அடிமைகள் மட்டும் காத்திருக்கவில்லை. அடிமை முதலாளிகளும் அவற்றைக் கண்டு பயந்தார்கள். 1807இல் லண்டனில் ஒரு விவிலியம் அச்சானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்காகத் தேர்ந்தெடுத்த பகுதிகள் என்று அதன் தலைப்பே சொன்னது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியும் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழப் பாதியும் அதில் இல்லை. எகிப்திலிருந்து அடிமைகள் வெளியேறும் கதை வெட்டப்பட்டிருந்தது. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுதந்திரர் என்றும் வேறுபாடு இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய வசனமும் இல்லை. கீழ்ப்படியச் சொன்ன வசனங்கள் பத்திரமாக இருந்தன.

நம் ஊரில் அப்படி ஒரு பதிப்பு தேவைப்படவில்லை. முழு விவிலியத்தையும் நம் கையில் கொடுத்தார்கள். வெட்டும் வேலையைப் பிரசங்கபீடம் பார்த்துக்கொண்டது.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு ஏசாயாவின் சுருளை விரித்து, ஏழைகளுக்கு நற்செய்தி என்றும் ஒடுக்கப்பட்டோருக்கு விடுதலை என்றும் வாசித்தபோது ஊரே மெச்சியது. கூட்டம் திரும்பியது அடுத்த நிமிடம். பஞ்ச காலத்தில் எலியா அனுப்பப்பட்டது சீதோன் நாட்டுச் சாறிபாத்தில் இருந்த ஒரு விதவையிடம்தான், எலிசா காலத்தில் குணமானது சீரியனான நாகமான்தான் என்று அவர் சொன்னார். அதாவது விடுதலை யாருக்கு என்று பெயர் சொன்னார். உடனே மலை விளிம்புக்கு இழுத்துப்போய்த் தள்ளப் பார்த்தார்கள். விடுதலையைப் பொதுவாகப் பேசும்வரை யாருக்கும் சிக்கல் இல்லை. எறையூர்ச் சேரிக்கு விடுதலை என்று பெயர் சொல்லிப் பேசிப் பாருங்கள், மலை விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கண்ணீர் போதாது

புராட்டஸ்டண்டு மொழிபெயர்ப்பு மனந்திரும்புதல் என்கிறது. கத்தோலிக்கர் மனமாற்றம் என்கிறார்கள். இரண்டிலும் மனம் இருப்பதால் எல்லாம் மனதுக்குள்ளேயே முடிந்துவிடும் என்று வசதியாக எடுத்துக்கொண்டார்கள். எபிரேய மூலச் சொல்லான ஷூவ் காலோடு தொடர்புடையது. போன வழியை விட்டுத் திரும்பி வருதல் என்பது அதன் பொருள். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டே யாரும் திரும்ப முடியாது.

யோர்தான் கரையில் யோவானிடம் மக்கள் கேட்ட கேள்வி, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது. அவர் ஜெபம் பண்ணச் சொல்லவில்லை, உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டும். வரி வசூலிப்பவர் விதித்ததற்கு மேல் பிடுங்கக் கூடாது. படைவீரர் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது. ஆளுக்கு ஏற்ற பதில். யாரிடம் எந்த அதிகாரம் இருக்கிறதோ, அந்த இடத்தில்தான் அவருடைய மனந்திரும்புதல் தெரிய வேண்டும். நிலம் வைத்திருப்பவருக்கு நிலத்தில். பங்குப் பேரவையைக் கையில் வைத்திருப்பவருக்குப் பங்குப் பேரவையில். கல்லூரியின் தாளாளருக்கு வேலை நியமனத்தில்.

சகேயு கதையைச் சிறுவர் பாட்டாக்கி, குட்டை மனிதன் மரம் ஏறிய வேடிக்கையாக மாற்றிவிட்டார்கள். அவன் மரத்தில் ஏறியது முக்கியமில்லை. இறங்கி வந்து என்ன சொன்னான் என்பதே முக்கியம். சொத்தில் பாதி ஏழைகளுக்கு. ஏமாற்றி வாங்கியதற்கு நான்கு மடங்கு திருப்பிக் கொடுப்பது. எண்ணாகமத்தின் சட்டப்படி குற்றத்தை ஒப்புக்கொள்பவர் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும். சகேயு சட்டத்தைத் தாண்டிப் போனான். அந்தக் கணக்கைச் சொன்ன பிறகுதான் இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று இயேசு அறிவித்தார். விருந்து சாப்பிட்டதற்காக அறிவிக்கவில்லை.

லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. நம் பிரசங்கிமார் அதைத் தொடுவதேயில்லை. 50ஆம் ஆண்டான யூபிலியில் அடிமைகள் விடுதலையாக வேண்டும், நிலம் இழந்தவர்கள் தங்கள் நிலத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த அறிவிப்புக்கான எக்காளம் எந்த நாளில் ஊதப்பட வேண்டும்? பாவநிவர்த்தி நாளில். மக்கள் தங்கள் பாவங்களுக்காகத் தங்களைத் தாழ்த்தும் அதே நாளில் அடிமையின் விலங்கு கழல வேண்டும். இரண்டும் ஒரே நாள். நாம் தவக்காலத்தை வைத்துக்கொண்டோம். எக்காளத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டோம்.

பாதி மனந்திரும்புதல் எப்படி இருக்கும் என்பதற்கு எரேமியாவின் 34ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டபோது சிதேக்கியா அரசன் உடன்படிக்கை செய்து எபிரேய அடிமைகளை விடுவித்தான். ஆபத்து தள்ளிப்போனதாகத் தெரிந்ததும் பிரபுக்கள் விடுவித்தவர்களையே மறுபடி பிடித்து அடிமையாக்கினார்கள். நல்லது செய்யத் திரும்பினீர்கள், பிறகு அதிலிருந்தும் திரும்பினீர்கள் என்று எரேமியா கண்டிக்கும்போது இரண்டுக்கும் அந்த ஒரே ஷூவ் என்ற சொல்தான் வருகிறது. கலவரம் நடந்ததும் சமாதானக் கூட்டம், ஆட்சியர் முன் கையெழுத்து, ஒரு வருடம் பொதுவாகத் தேர் இழுப்பு. போலீஸ் வாகனம் ஊரைவிட்டுப் போனதும் பழைய வழி. இதற்குப் பெயர் மனந்திரும்புதல் இல்லை. முற்றுகைக்குப் பயந்த தந்திரம்.

சபையின் கணக்குப் புத்தகம்

சகேயுவைப் போலச் சபை கணக்குக் கொடுக்க வேண்டுமானால் எங்கே தொடங்குவது? நாமே சில பக்கங்களைப் புரட்டிக் காட்டலாம்.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமணச் சந்நியாசியைப் போல் வாழ்ந்து உயர்சாதியினரிடம் நற்செய்தி சொன்னார். பூணூலையும் குடுமியையும் சமூக வழக்கம் என்று கொண்டு தொடரலாம் என 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். பின்னாளில் அந்த மிஷனில் உயர்சாதியினருக்கு ஒரு வகைத் துறவிகள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று குருக்களே இரண்டாகப் பிரிந்தார்கள். சாதி பண்பாடுதான், மதம் அல்ல என்ற வாதத்தின் ஊற்று இங்கே இருக்கிறது. 400 ஆண்டுகளாக அதே வாதத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

புராட்டஸ்டண்டுகள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் வேப்பேரியிலும் ஆலயத்துக்குள் சாதிவாரியாக இடம் பிரித்து உட்கார வைத்தார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதியை உடனடியாகவும் முழுமையாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சேர்ந்து உட்கார்ந்து ஒரே கிண்ணத்தில் பருகுவதைவிடச் சபையை விட்டுப் போவது மேல் என்று தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர் பலர் வெளியேறினார்கள். சாதி விஷயத்தில் இளக்கம் காட்டிய லைப்சிக் லுத்தரன் மிஷன் பின்னர் அவர்களில் பலரை அணைத்துக்கொண்டது. எதை விடலாம், எதை விடக் கூடாது என்ற கேள்வி வந்தபோது அவர்கள் எதை விட்டார்கள் என்று பாருங்கள்.

திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம் கால்சட்டை போல இரண்டு கூடங்களாகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் வேளாளர், மறு பக்கம் நாடார், நடுவில் தடுப்பு. 1910இல் தடுப்பை இடித்தார்கள். அதை மறுபடி எழுப்பித் தரச் சொல்லி வேளாளர் தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கிறிஸ்து இடித்த சுவரை எழுப்பித் தரும்படி காலனிய நீதிமன்றத்தில் கிறித்தவர்கள் மனு போட்ட வரலாறு நம்முடையது.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சுவர் பிரித்தது. 2008 மார்ச்சில் எறையூரில், சம இடம் மறுக்கப்பட்டதால் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கரின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கத்தோலிக்கர் இருவர் உயிரிழந்தார்கள். தேர் சேரிக்குள் வராத ஊர்களையும், திருவிழா வரியை நம்மிடம் வாங்காத ஊர்களையும் நாம் அறிவோம். வரி வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால்தான் வரியே வாங்குவதில்லை. பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தபோது கன்னியர் மடத்தின் மதில் தாண்டியும் சாதி இருந்தது ஊருக்கே தெரிந்தது. மடத்துக்குள் இருந்தவர்களுக்கு முன்பே தெரியும்.

அரசின் அநீதியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பவுத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்ற தோழர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்வதற்குச் சான்று எங்கே என்று 1985இல் நீதிமன்றம் கேட்டது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்த மூன்றாம் பத்தியையே நீக்கப் பரிந்துரைத்தது. அரசு அசையவில்லை.

இந்தப் போராட்டத்தில் ஆயர்களும் பேராயர்களும் டெல்லிக்கு வருகிறார்கள். கறுப்பு நாள் அனுசரிக்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் டெல்லியில் "கிறித்தவத்திலும் சாதி இருக்கிறது, எங்கள் மக்கள் துன்பப்படுகிறார்கள்" என்று சொல்கிற அதே வாய், ஊருக்குத் திரும்பியதும் "நம் பங்கில் சாதி இல்லை, சிலர் பிரிவினை உண்டாக்குகிறார்கள்" என்கிறது. டெல்லிக்கு ஒரு நாக்கு, பங்குக்கு ஒரு நாக்கு. சாதி இருக்கிறது என்று அரசிடம் கொடுத்த வாக்குமூலத்தை, சபைக்கு முன்பும் பாவ அறிக்கையாகக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களை வலுப்படுத்தும் கொள்கை ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் சாதியும் தீண்டாமையும் இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். இரண்டையும் நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒப்புக்கொள்வது கணக்கின் முதல் வரி. நான்கு மடங்கு எங்கே?

வளர்ச்சியை எதை வைத்து அளப்பது?

பேதுருவின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் விவிலியம் எதை வளர்ச்சி என்கிறது என்பது விளங்கும். யோப்பாவில் அவர் தங்கியது தோல் பதனிடும் சீமோன் என்பவர் வீட்டில். செத்த விலங்கின் தோலைத் தொடுகிற தொழில் என்பதால் தூய்மை பார்ப்பவர்கள் ஒதுங்கிப்போகிற வீடு அது. கடலோரத்தில் இருந்த அந்த வீட்டு மாடியில் பசியோடு இருந்தபோதுதான் பேதுருவுக்குக் காட்சி கிடைத்தது. கடவுள் சுத்தமாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்ற பாடத்தை அவர் எருசலேம் ஆலயத்தில் கற்கவில்லை. தோல் தொழிலாளி வீட்டில் கற்றார். அங்கிருந்து போய் ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டில் நுழைந்தார். நம் பிரசங்கங்களில் கொர்நேலியு வருகிறார். சீமோன் வீட்டு மாடி வருவதில்லை.

அதே பேதுரு பின்னாளில் அந்தியோகியாவில் சறுக்கினார். புறவினத்தாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பந்தியை விட்டு எழுந்து ஒதுங்கினார். பவுல் அதைத் தனியறையில் பேசித் தீர்க்கவில்லை. பெரியவர், மூத்தவர், பேர் கெட்டுவிடும் என்று பார்க்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். அந்தியோகியா நிகழ்ச்சியைச் சொல்லும் அதே நிருபத்தில்தான் கிறிஸ்து தந்த விடுதலையில் நிலைத்து நில்லுங்கள், மறுபடி அடிமை நுகத்துக்குள் போகாதீர்கள் என்று பவுல் எழுதுகிறார். அதாவது விவிலியத்தில் கிறித்தவ விடுதலை பற்றிய மிகப் பெரிய வாதம், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற சண்டையில் பிறந்தது. இதை ஆன்மிகம், அதைச் சமூகம் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் கலாத்தியர் நிருபத்தை ஒருமுறை முழுதாகப் படிக்கட்டும்.

ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேயரை உலகமே 'அமேசிங் கிரேஸ்' பாடலால் அறியும். 1748இல் புயலில் சிக்கிய கப்பலில் அவர் மனம் மாறினார் என்பது பிரபலமான சாட்சி. ஆனால் அதற்குப் பிறகும் அடிமைக் கப்பலின் தலைவனாக 1754 வரை ஆப்பிரிக்க மக்களை ஏற்றிப்போய் விற்றார். அந்த வணிகத்துக்கு எதிராக அவர் வெளிப்படையாக எழுதியது 1788இல். மனம் மாறியதற்கும் அந்த எழுத்துக்கும் இடையில் 40 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் அவர் ஜெபித்தார், பிரசங்கித்தார், பாடல் எழுதினார். அது எதையும் வளர்ச்சி என்று கீழ்த்தளத்தில் விலங்கிடப்பட்டுக் கிடந்தவர் ஒத்துக்கொண்டிருப்பாரா? வளர்ந்தேனா என்பதை நானே சொல்லிக்கொள்ள முடியாது. என்னால் மிதிபட்டவர் சொல்ல வேண்டும்.

திருத்தூதர் பணிகளின் 6ஆம் அதிகாரம் இன்னும் நேரடியானது. கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்குத் தினப் பங்கீட்டில் அநியாயம் நடக்கிறது என்று முறுமுறுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் அதைப் பிரிவினை என்று சொல்லவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பங்கீட்டை அவர்கள் கையில் கொடுத்தார்கள். அந்த ஏழு பெயர்களையும் படியுங்கள், ஏழும் கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன தரப்பிடமே சாவியைக் கொடுத்தார்கள். அதற்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது? சீடர்களின் தொகை பெருகியது என்று எழுதியிருக்கிறது. நீதி செய்த பிறகு வந்த வளர்ச்சி அது. நம் சபைகளின் முறையோ தொகையை மட்டும் பெருக்கிக்கொண்டு சாவியை இடுப்பிலேயே செருகிக்கொள்வது.

நமக்குச் சொல்லப்படும் மூன்று அறிவுரைகள்

முதல் அறிவுரை: மன்னித்துவிடுங்கள், கசப்பை வளர்க்காதீர்கள். மன்னிக்கத் தயாராக இருப்பது நம் பலம். ஆனால் காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டுச் சமாதானம் பண்ணப் போகச் சொன்ன இயேசுவின் கட்டளை யாருக்கு? தன்மேல் சகோதரனுக்குக் குறை இருக்கிறது என்று அறிந்தவருக்கு. குறை நமக்கு. எனவே நடந்து வர வேண்டியவர்கள் அவர்கள். அடித்தவர் பீடத்தருகே நின்றுகொண்டு அடிபட்டவரை மன்னிக்கச் சொல்வது எந்த வேதத்திலும் இல்லை.

இரண்டாவது: அடிமைகளைக் கீழ்ப்படியச் சொல்லித்தானே பவுல் எழுதினார். எழுதினார். விடுதலையாக வாய்ப்பு வந்தால் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லிக் கொரிந்தியருக்கும் எழுதினார். ஓடிப்போன ஒநேசிமுவை இனி அடிமையாக அல்ல, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி பிலேமோனுக்கும் எழுதினார், ஏதாவது கடன் இருந்தால் என் கணக்கில் வை என்றும் சேர்த்தார். கீழ்ப்படிதலை மட்டும் பொறுக்கி எடுப்பவர்கள் 1807இன் அந்தப் பதிப்பைத்தான் வாசிக்கிறார்கள்.

மூன்றாவது: நாட்டு நிலைமை சரியில்லை, ஆலயங்கள் தாக்கப்படுகின்றன, இந்த நேரத்தில் உள்வீட்டு விஷயத்தை வெளியே பேசினால் சங்கிகளுக்குத் தீனி. ஆலயங்களைத் தாக்குகிறவர்களை நாம் களத்தில் எதிர்க்கிறோம், தொடர்ந்து எதிர்ப்போம். அந்தத் தாக்குதலில் முதலில் அடி வாங்குவது தலித்துகளும் பழங்குடிகளும்தான். ஆனால் எதிரிக்குத் தீனி போடுவது சுவரைப் பற்றிப் பேசுகிறவரா, சுவரை எழுப்பியவரா? இடித்துவிடுங்கள். அவர்களுக்குப் பேச ஒன்றும் இருக்காது.

இனி நாம் செய்ய வேண்டியது

இளம் தோழர்களே, கண்ணீர்க் கூட்டங்களுக்குப் பதிலாகக் கணக்குக் கூட்டங்களைக் கேளுங்கள். உங்கள் பங்கில், சேகரத்தில், டயோசிஸில் இந்தக் கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? தேர் எந்தத் தெருவரை போகிறது? திருவிழா வரி எல்லோரிடமும் வாங்கப்படுகிறதா? பங்குப் பேரவையில், சேகரக் கமிட்டியில் நம்மவர் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? திருச்சபை நடத்தும் பள்ளியிலும் கல்லூரியிலும் மருத்துவமனையிலும் தலித் கிறித்தவருக்கு எத்தனை இடம், எத்தனை வேலை? துப்புரவுப் பணியாளர் கணக்கைத் தனியாகக் கேளுங்கள்; அதில் நம் எண்ணிக்கை எப்போதும் தாராளமாக இருக்கும். பதிலையும் எழுத்தில் கேளுங்கள். ஒரு மாவட்டத்தின் பதில்களை ஒன்றாக அடுக்கினால், அதுவே அந்த மாவட்டத் திருச்சபையின் பாவ அறிக்கை.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. விடுதலை என்பது பிறரை மிதிக்கக் கிடைத்த உரிமை அல்ல என்றும் பவுல் அதே நிருபத்தில் எழுதுகிறார். பறையரும் தேவேந்திரரும் அருந்ததியரும் ஒரு வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுக்காதவரை, நம் பெண்கள் கூட்டத்தில் பேச அனுமதி கேட்டு நிற்கும்வரை, எகிப்தை விட்டுக் கிளம்பியிருக்கிறோமே தவிர வந்து சேர்ந்துவிடவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு, பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுவதையே அவர் திருவிருந்தின் பொருளாகக் கண்டார். கொரிந்து சபையில் வசதி படைத்தவர்கள் முந்திச் சாப்பிட, ஏழைகள் பசியோடு நின்றதைக் கண்டு பவுல் கொதித்ததும் இதற்காகத்தான். அது திருவிருந்தே அல்ல என்றார் அவர்.

ஆகவே அடுத்த தவக்காலத்தில் யாராவது உங்களை மனந்திரும்பச் சொன்னால் சரி என்று சொல்லுங்கள். எந்தத் தெருப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். பிறகு அவர்களையும் அழைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துச் சுவர்வரை நடந்து போங்கள்.